காலியாக இருக்கவேண்டிய கட்டில்

எங்கள் தெருவில் ஒரு கட்டில் ஏழு மாதமாக ஆளில்லாமல் கிடந்தது. அதை முதலில் கண்டது நான்தான். ஸ்ரெல்லா எட்டிப் பார்க்கிறவள் என்று ஒக்லாந்து நகரத்து ஏவன்டேலில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அப்படியொன்றும் இல்லை. என் குசினி யன்னலை அந்தப் பக்கமாக வைத்துக் கட்டியவன்தான் குற்றவாளி. பாத்திரம் கழுவ நின்றால், தெருவுக்கு அந்தக் கரையில் இருக்கும் முதியோர் இல்லத்தின் நான்காம் அறை நேரே தெரியும். ஒரு கட்டில், ஒரு கதிரை, மேசையில் பிளாஸ்டிக் பூ. தினமும் காலை பத்து மணிக்கு ஒரு பணிப்பெண் வந்து, முதல்நாள் விரித்த விரிப்பைக் கழற்றிப் புதியது விரிப்பாள். பிறகு சுவரில் தொங்கும் தாளில் கையெழுத்து வைப்பாள். ஒருவரும் படுக்காத கட்டிலுக்கு எதற்கு இந்தச் சேவகம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த இல்லத்துக்கு எதிரே, எனக்கு அடுத்த வீட்டில், வசந்தமலரக்காவும் அவருடைய கணவர் இரத்தினசிங்கமும் இருந்தார்கள். இரத்தினசிங்கம் அண்ணை ஊரில் நில அளவையாளராக இருந்தவர். எண்பத்தொரு வயது. போன வருசம் பக்கவாதம் வந்து இடது கையையும் காலையும் கொண்டுபோனது. மூளையை மட்டும் தொடவில்லை; அது பழையபடி அங்குலம் பிசகாமல் வேலை செய்தது. அக்காவுக்கு வயது எழுபத்தைந்து, நிறை நாற்பத்தேழு கிலோ. அண்ணைக்கு எழுபத்தெட்டுக் கிலோ. அந்த நாற்பத்தேழு இந்த எழுபத்தெட்டை நாளுக்கு ஆறு தரம் தூக்கி, இருத்தி, கழுவி, துடைத்து, திரும்பக் கிடத்தியது. கடைசியில் அக்காவின் வலது தோள் தசை கிழிந்தது. இனித் தூக்கினால் கை சட்டைக்குள் தொங்கத்தான் உதவும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஒரே மகள் சிவானி அதே நகரத்தில் மாசி என்ற இடத்தில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், படிக்கட்டு வைத்த வீடு, முப்பது வருச மோட்கேஜ். அவளுடைய திட்டம் மிக எளிது. அப்பாவை எதிரே இருக்கும் அந்தக் கட்டிலில் விட்டால், அம்மா காலையில் போய் அவரோடு இருந்துவிட்டு, பின்னேரம் வந்து தன் வீட்டில் படுக்கலாம்.

"வாசல் படலைக்குப் படலை அறுபத்தொரு மீற்றர்," என்றார் அண்ணை. அவர் கண்ணால் அளந்தால் அது நாடாவால் அளந்த மாதிரி.

இல்லத்தின் தலைமைத் தாதி அனா, தொங்கா என்ற தீவு நாட்டுக்காரி, நல்ல மனுசி. "என்னைக் கேட்டால் நான்கு நிமிடத்தில் அவரைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். ஆனால் அந்தக் கட்டில் என்னுடையதில்லை, மையத்தினுடையது," என்றாள்.

மையம் என்றால் முதியோர் இடமளிப்புக் கொள்வனவு மையம். எந்த முதியவர் எந்த இல்லத்தில் எந்தக் கட்டிலில் படுப்பது என்று அரசாங்கக் காசில் தீர்மானிப்பது அதுதான். ஒருவர் தள்ளாடுகிறார் என்பதைத் தள்ளாடுகிறவர் சொன்னால் போதாது, பார்க்கிறவர் சொன்னாலும் போதாது. மையம் ஆள் அனுப்பி இருநூற்றுப் பதினான்கு கேள்வி கேட்டு, புள்ளி போட்டு, உறுதிப்படுத்த வேண்டும். அதுவரைக்கும் அவர் சட்டப்படி நிமிர்ந்து நிற்கிறார்.

சிவானி விண்ணப்பித்தாள். ஆள் வருவதாகக் கடிதம் வர ஐந்து மாதம் எடுத்தது.

அங்கேதான் பிழை நடந்தது. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றதும் வசந்தமலரக்கா வீட்டை ஆள் வருகிற வீடாக்கினார். அண்ணைக்குச் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, உணர்ச்சியில்லாத இடது கையில் மணிக்கூட்டைக் கட்டி, முன்னறைக் கதிரையில் இருத்தினார். வோக்கரைக் கராஜுக்குள் தள்ளினார். "நடுவீட்டில அது நிக்கிறது வடிவில்லை, ஸ்ரெல்லா." கொமோட் கதிரையைச் சேலையால் மூடி அதன் மேல் பூச்சாடி வைத்தார். கிழிந்த தோளோடு மா பிசைந்து, உள்ளே கறி வைத்து மடித்து, பன்னிரண்டு பற்றீஸ் பொரித்தார். நான் இரண்டு முட்டை கடன் கேட்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டேன்.

வந்தவர் மதன்குமார். தமிழ்நாட்டுக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் ரப்லெட் கணினி. தமிழ் வீடு என்பதால் தமிழ் அதிகாரி. மையம் அவ்வளவு நுணுக்கம்.

"வாங்கோ தம்பி. முதல்ல சாப்பிடுங்கோ."

"இல்லம்மா, நான் அசெஸ்மென்ட்டுக்கு வந்திருக்கேன்."

"அது எங்கயும் ஓடப்போகுதே? சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

விருந்தாளி உள்ளே வந்தால் எழும்பி நிற்பது அண்ணையின் வழக்கம். வலது கையால் கதிரையைப் பிடித்து எழும்பினார். எழும்பி, கைகொடுத்து, "நல்வரவு" என்றார். பின்னால் அவருடைய இடுப்புப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது நான். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மதன்குமார் மூன்றாவது பற்றீஸோடு கேள்விகளைத் தொடங்கினார்.

"சார் குளிக்கிறது எல்லாம் எப்படிம்மா?"

"வடிவாக் குளிப்பார்."

"ராத்திரியில எழுந்திருக்கணும்னா?"

"அவர் ஒரு கரைச்சலும் தரமாட்டார், தம்பி."

"உங்களால சமாளிக்க முடியுதா?"

"கடவுளே எண்டு ஒரு குறையும் இல்லை."

நான் இருமினேன். அக்கா நல்ல கையால் என் தொடையில் கிள்ளினார். மதன்குமார் போகும்போது வெள்ளித்தாளில் சுற்றிய ஆறு பற்றீஸும் அவரோடு போயின.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. வாழ்த்துக் கடிதம். திரு இரத்தினசிங்கம் எழுந்து நின்று வரவேற்கும் நிலையில் உள்ளார், உயர்ந்த சுயாதீனம், இல்லப் பராமரிப்புத் தேவையில்லை. பராமரிப்பவரின் விருந்தோம்பல் திறன் மிகச் சிறப்பு: பற்றீஸ் பன்னிரண்டு, பொதியில் ஆறு. கூடவே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்ட ஒரு காந்தம் வைத்திருந்தார்கள். "உங்கள் வயது, உங்கள் பயணம்" என்று அதில் எழுதியிருந்தது.

சிவானி மாசியிலிருந்து காரில் பறந்து வந்தாள்.

"அம்மா! வடிவாக் குளிப்பார் எண்டு சொன்னனீங்களாம்?"

"வடிவாத்தானே குளிப்பார். குளிப்பாட்டுறது நானல்லோ."

"அதை ஏன் அவரிட்டச் சொல்லேல்லை?"

"அவன் ஆர் குளிப்பாட்டுறது எண்டு கேக்கேல்லையே. வீட்டுக்கு வந்த மனுசனுக்கு எங்கட கஷ்டத்தையே தட்டில வைச்சுக் குடுக்கிறது?"

"ஓ மை கோட்! அதுக்குத்தான் அவர் வந்தவர், அம்மா! கஷ்டத்தைப் பாக்கத்தான் அவருக்குச் சம்பளம்!"

மறு மதிப்பீடு கேட்டாள். அதற்கு ஆயத்தமாக ஒரு சனிக்கிழமை முழுக்க ஒத்திகை நடந்தது. சிவானி வாசல் மணியை அடித்து மதன்குமாராக உள்ளே வருவாள். அக்கா அவளை வரவேற்று, இருக்கச் சொல்லி, பேசாமல் இருக்கவேண்டும். முதல் தரம் தேத்தண்ணியோடு வந்தார். இரண்டாம் தரம், "தேத்தண்ணி இல்லை, கோப்பிதான்," என்றார். மூன்றாம் தரம் வெறுங்கையோடு இருந்தார். ஆனால் இரண்டு நிமிடத்தில் எழும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தார். "தண்ணியுமே பிழை?" என்று கேட்டார். சிவானி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

இரண்டாம் வருகையின்போது எல்லாம் சரியாக இருந்தது. வோக்கர் நடு முன்னறையில். கொமோட் கதிரை சேலையில்லாமல். அண்ணையை எழும்ப வேண்டாம் என்று தடை போட்டிருந்தோம். "இருந்துகொண்டு வரவேற்கிறதுக்கு மன்னிக்கவேணும் தம்பி," என்று மட்டும் சொன்னார். அக்கா கையிரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, செத்த வீட்டில் இருப்பது போல இருந்தார். விழுந்த கதை, தூக்கிய கதை, தோள் கிழிந்த கதை எல்லாவற்றையும் சிவானி ஒன்றுவிடாமல் சொன்னாள். மதன்குமார் தட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் அவருடைய கண் இரண்டு தரம் குசினிப் பக்கம் போய் வந்தது.

"அம்மாவுக்கு என்னாச்சு?" என்று கடைசியில் மெல்லக் கேட்டார்.

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை. அப்பாவுக்குத்தான்," என்றாள் சிவானி.

அவர் பரிதாபமாகத் தலையை ஆட்டிவிட்டு, நிறையத் தட்டினார்.

கடிதம் இம்முறை நான்கே நாளில் வந்தது. சிவப்பு எழுத்தில் அவசரம் என்று போட்டிருந்தது. திருமதி வசந்தமலர் இரத்தினசிங்கம்: விருந்தோம்பல் திறன் பன்னிரண்டு பற்றீஸிலிருந்து பூச்சியத்துக்கு வீழ்ச்சி, சில கிழமைகளுக்குள் நூறு வீதச் சரிவு, பேச்சுக் குறைவு, பார்வை நிலத்தில். அவருக்கு உடனடியாக முழுநேர இல்லப் பராமரிப்பு அனுமதிக்கப்படுகிறது. இடம்: நகரின் மறுகோடியில், ஒடாஹுஹு. பதினான்கு நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். கணவர் உயர்ந்த சுயாதீனமுடையவர், தெளிவாக மன்னிப்புக் கேட்கக்கூடியவர். ஆகவே தனியே வாழ்வார். இடத்தை மறுத்தால் இந்த வீட்டிலிருந்து இரண்டு வருசத்துக்கு எந்த விண்ணப்பமும் ஏற்கப்படாது.

அக்கா கடிதத்தை என்னிடம் தந்து மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

"என்னையே கொண்டுபோகினமாம், ஸ்ரெல்லா?"

"ஓம் அக்கா."

"அப்ப இவருக்கு ஆர் சோறு தீத்துறது?"

அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

சிவானி மேன்முறையீடு செய்தாள். அந்தக் கூட்டத்துக்கு நானும் போனேன். யாராவது ஒருவர் பார்த்துவிட்டு வந்து நடந்ததைச் சொல்லவேண்டாமா? மையத்தின் அலுவலகம் மிக அழகு. நிலத்தோடு ஒட்டிய, புதைகுழி போன்ற மெத்தைக் கதிரைகள். முதியோருக்கான மையத்தில் ஒரு முதியவர் இருந்தெழும்பக்கூடிய கதிரை ஒன்றுகூட இல்லை. சொந்தமாகச் சக்கரக் கதிரை கொண்டுவந்த அண்ணை ஒருவர்தான் அங்கே மனிதர் மாதிரி இருந்தார்.

தலைமை தாங்கியவர் டெப்ரா என்ற பெண்மணி. இடமளிப்பு விளைவுகளுக்கான முதுநிலைப் பணிப்பாளர். அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு விருது. கண்ணாடியால் செய்த சின்னக் கட்டில்.

"முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்," என்றார் டெப்ரா. "கட்டில் என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை. அது மனிதரைக் கிடையில் கிடப்பவராகக் காட்டுகிறது. நாங்கள் வாங்குவது வதிவிட விளைவு அலகுகள். முதியவர்கள் எங்கள் வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றிப் போகத்தான் எங்களுக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறது."

"எங்கட தெருவில ஒரு பெட் ஏழு மாசமா சும்மா கிடக்குது," என்று சிவானி ஆங்கிலத்தில் தொடங்கினாள். "அதை ஏன் அப்பாவுக்குத் தரக்கூடாது?"

டெப்ரா முகம் மலர்ந்தார். யாரும் இப்படிக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போல.

"அருமையான கேள்வி. ஏவன்டேலில் எந்த நேரமும் ஒரு அலகு கிடைக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது எங்கள் இலக்கு. ஏழு மாதமாக நூறு வீதம் அடைந்திருக்கிறோம். அந்த விருது அதற்குத்தான். அதில் உங்கள் தந்தையைப் படுக்கவைத்தால் அன்றைக்கே அது கிடைக்காத அலகாகிவிடும்."

"அப்ப அது ஆருக்குக் கிடைக்கும்?"

"எல்லோருக்கும்! அதுதான் அதன் அழகே. ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், மற்ற எல்லோருக்கும் அது இல்லாமல் போகிறதல்லவா? சமத்துவம் என்று ஒன்று இருக்கிறது."

தினமும் விரிப்பு மாற்றுகிற மர்மம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிடைக்கக்கூடிய கட்டில் என்றால் அது புத்தம் புதிதாகக் கிடைக்கவேண்டுமாம். வரவே விடப்படாத ஒரு மனுசனுக்காகத் தினமும் பத்து மணிக்குக் கையெழுத்து.

"சரி," என்றாள் சிவானி. "அம்மாவுக்குத் தந்த அனுமதியை அப்பாவுக்கு மாத்துங்கோ. அவருக்குத்தான் தேவை."

டெப்ரா கையை நெஞ்சில் வைத்தார். "ஒருவருடைய தேவையைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுப்பதா? அது உங்கள் தாயாரின் கண்ணியத்தைப் பாதிக்கும்."

மதன்குமார் அக்காவின் பக்கம் குனிந்து, ஆறுதலாகத் தமிழில் பேசினார். "நீங்க டென்ஷன் ஆகாதீங்கம்மா. ஒடாஹுஹு நல்ல இடம். இது ஒரு ஜர்னி. ஆறு வாரத்துல உங்களுக்கு ஒரு கேர் பிளான் வந்துடும், அதுல உங்க கணவர் பேரும் இருக்கும்."

"எங்க இருக்கும், தம்பி?"

"எமர்ஜென்சி கான்டாக்ட்ல."

அக்கா அண்ணையைப் பார்த்தார். அண்ணை சுவரில் தொங்கிய ஒக்லாந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லங்கள் எல்லாம் அதில் பச்சைக் குண்டூசிகள். ஏவன்டேலில் மட்டும் ஒரு தங்கக் குண்டூசி.

"எனக்கொரு சந்தேகம்," என்று வலது கையைத் தூக்கினார். "உங்கட இலக்கில, கட்டில் எந்த இடத்தில கிடக்கவேணும் எண்டு எழுதியிருக்கு?" சிவானி மொழிபெயர்த்தாள்.

"ஏவன்டேல் எல்லைக்குள்," என்றார் டெப்ரா.

"எந்தக் கட்டிடம் எண்டு இருக்கோ?"

டெப்ரா தன் தாளைப் பார்த்தார். "முதியவர் ஒருவர் படுக்க ஏற்றதாக இருக்கவேண்டும் என்று மட்டும் இருக்கிறது."

"அப்ப பாருங்கோ. மலரை எங்கட தெருவில இருக்கிற இல்லத்தில சேர்த்தா, வீட்டில மலரின்ர கட்டில் காலியாகும். எழுபத்தைஞ்சு வயசு மனிசி இருபது வருசமாப் படுத்த கட்டில். முதியவருக்கு ஏற்றதுதான். ஏவன்டேலுக்குள்ளதான் கிடக்குது. உங்கட குண்டூசியை அறுபத்தொரு மீற்றர் தள்ளிக் குத்தினாச் சரி."

சிவானி மொழிபெயர்த்து முடித்தாள். டெப்ரா மதன்குமாரைப் பார்த்தார். மதன்குமார் எழும்பிப் போய், தங்கக் குண்டூசியைப் பிடுங்கி, ஒரு அரிசி அகலம் தள்ளிக் குத்தினார். திரும்பிவந்து ரப்லெட்டைத் தட்டினார்.

"கிடைக்கக்கூடிய அலகு ஒன்று," என்று வாசித்தார். "இலக்கு நூறு வீதம்."

டெப்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதைத்தான் நாங்கள் சமூகத்தோடு கூடி வடிவமைப்பது என்கிறோம்," என்றார். பிறகு எல்லோரையும் கண்ணாடிக் கட்டிலோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அண்ணையை எழுந்து நிற்க முடியுமா என்று கேட்டார்கள். அவரால் முடியும் என்றுதானே அவர்களுடைய தாளில் இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை, ஓகஸ்ட் பத்தாம் திகதி, வசந்தமலரக்கா நான்காம் அறையின் வதிவாளரானார். பெட்டியோடும் சக்கரக் கதிரையோடும் தெருவைக் கடந்தார். பெட்டியை நான் தூக்கினேன். கதிரையில் அண்ணை. அவர் வருகையாளர்.

அனா இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு இருநூற்றுப் பதினான்கு கேள்வி தேவைப்படவில்லை. ஒன்று போதும்.

"வந்தவருக்குக் களைப்பாக இருக்கிறது போல. கொஞ்சம் படுக்கிறாரா?"

"ஓம்," என்றார் அண்ணை.

தூக்கும் யந்திரத்தைக் கொண்டுவந்தாள். கதிரையிலிருந்து கட்டிலுக்கு அண்ணை வானத்தில் போவது போலப் போய் இறங்கினார். ஒரு வருசமாக நாற்பத்தேழு கிலோ செய்த வேலையை ஒரு பொத்தான் செய்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து அது ஒழுங்கானது. வருகையாளர் புத்தகத்தில் இரத்தினசிங்கம் என்ற பெயருக்கு நேரே வந்த நேரம் இருக்கிறது. போன நேரம் வெறுமை. வதிவாளரான அக்கா தினமும் பின்னேரம் உலாவப் போகிறேன் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார், விடிந்ததும் திரும்புவார். வீட்டில் அவருடைய கட்டிலுக்கு மையத்தார் வந்து "கிடைக்கக்கூடியது" என்று ஒரு பச்சை வில்லை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே அவர் அண்ணையின் கட்டிலில் படுத்தார். தன் கட்டிலுக்குத் தினமும் விரிப்பு மாற்றிக் கையெழுத்தும் வைத்தார். அண்ணைக்கு முதுகில் இருந்த படுக்கைப் புண் ஆறியது. உடம்பில் சதை வைத்தது. அக்காவின் கை தோள் வரைக்கும் உயர்ந்தது.

மூன்று மாதத்தில் மறுபரிசீலனைக் கடிதம் வந்தது. திருமதி வசந்தமலரின் சரிவு தொடர்கிறதா என்று பார்ப்பார்கள். திறன் திரும்பியிருந்தால் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அவரோடு அவருடைய வருகையாளரும் போகவேண்டியதுதான். பழைய ஆறு தரம் தூக்கல் திரும்பத் தொடங்கும்.

"அம்மா, ஒரு மணித்தியாலம்," என்று சிவானி தொலைபேசியில் கெஞ்சினாள். "தேத்தண்ணி இல்லை, தண்ணி இல்லை, ஒண்டும் இல்லை. ஒரே ஒரு மணித்தியாலம்."

"எனக்குத் தெரியும், பிள்ளை."

தெரிந்திருந்தும் காலையில் பற்றீஸ் பொரித்துவிட்டார். "பழக்கம், ஸ்ரெல்லா. ஆள் வருது எண்டா கை தானாப் போகுது." தன்னை நம்பமுடியாமல், மூடிய பெட்டியை என் மடியில் தந்து, மேலே போர்வையைப் போட்டு, "நான் கேட்டாலும் தராத," என்றார்.

மதன்குமார் மழையில் நனைந்து நான்காம் அறைக்கு வந்தார். ஒக்லாந்து மழை, பக்கவாட்டில் அடிக்கிறது. தலைமுடியிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"காலையில இருந்து மூணு வீடும்மா. இன்னும் ஒண்ணும் சாப்பிடல," என்றார் கதிரையில் இருந்தபடி.

அக்கா இரண்டு கையையும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டார்.

மதன்குமார் மூக்கை உயர்த்தினார். "ஏதோ வாசனை வருதே?"

"நிலம் துடைக்கிற மருந்து," என்றேன்.

கட்டிலில் இரவு உடுப்போடு, போர்வைக்குள், மூன்று தலையணையில் சாய்ந்திருந்த அண்ணையைத் திரும்பிப் பார்த்தார். "சார் இன்னிக்கும் விசிட்டா?"

"ஓம் தம்பி. கொஞ்சத்தில போயிடுவன்."

"எப்ப வந்தீங்க?"

"ஓகஸ்ட் பத்து."

"வெரி குட்," என்று தட்டினார். குடும்ப ஈடுபாடு, தொடர்ச்சியானது, சிறப்பு.

பிறகு கேள்விகள். நூற்றெண்பத்தெட்டாம் கேள்வியில் ரப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "வீட்டுக்கு வர்றவங்களுக்குக் குடிக்க, சாப்பிட ஏதாவது கொடுக்கிறீங்களா?"

அக்கா அண்ணையைப் பார்த்தார். அண்ணை கூரையைப் பார்த்தார். என் மடியில் பெட்டி சுட்டது.

"இல்லை," என்றார் அக்கா.

பக்கவாதம் வந்த அன்று, அம்புலன்ஸ்காரரையே இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்ன மனுசி. பூச்சியம் என்று மதன்குமார் அழுத்தியது அடுத்த அறைக்கும் கேட்டிருக்கும்.

அவர் கேட்டைத் தாண்டி, ரயில் ஸ்ரேசன் பக்கமாகத் தலைக்கு மேல் ரப்லெட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அக்கா யன்னல் கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று பார்த்தார்.

"ஸ்ரெல்லா, அதைத் தா. ஓடிப்போய்க் குடுத்திட்டு வாறன்."

"விசரே அக்கா? கட்டில் போயிடும். நீங்கள்தானே தராத எண்டு சொன்னனீங்கள்."

"மனுசன் வெறும் வயித்தோட போறான்."

"மலர்," என்றார் கட்டிலிலிருந்து அண்ணை. "இஞ்ச வாரும். பக்கத்தில இரும்."

போய் இருந்தார். பக்கவாதத்துக்கும் கிழிந்த தோளுக்கும் ஒடாஹுஹுக் கடிதத்துக்கும் அழாதவர், பன்னிரண்டு பற்றீஸுக்காக அண்ணையின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பற்றீஸை அனாவும் பணிப்பெண்களும் சாப்பிட்டார்கள். அனா நான்கு சாப்பிட்டாள்.

கடிதம் வந்தது. விருந்தோம்பல் திறன் பூச்சியத்தில் நிலைபெற்றுள்ளது. இடம் உறுதி. மறுபரிசீலனை மூன்று மாதத்துக்கு ஒரு தரம். வருசத்துக்கான நான்கு திகதியும் கீழே போட்டிருந்தார்கள்.

போன கிழமை முட்டையைத் திருப்பிக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். குசினியில் தமிழ்க்கடைக் கலண்டர் தொங்கியது. சதுர்த்தி, பிரதோசம், ஏகாதசி என்று அக்கா நீலப் பேனையால் குறித்து வைத்திருந்தார். நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள்; எனக்கு அவர்களுடைய விரதங்கள் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பார்க்காமல் விடமாட்டேன். நான்கு நாளைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம் போட்டிருந்தது.

"இது என்ன விரதம் அக்கா? புதுசா இருக்கு?"

அக்கா முட்டையைப் பெட்டிக்குள் வைத்தபடி திரும்பாமல் சொன்னார்.

"அது நாங்கள் பிடிக்கிறதில்லை, ஸ்ரெல்லா. வாறவன் பிடிக்கிறது."